ஒழுங்கா அடிக்கத் தெரியணும்: டோக்கியோ கராத்தே ஹொம்பு டோஜோ பத்தி

ஆஃபீஸ்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தன் போன வாரம் கேட்டான், "அண்ணா, நீங்க ஹொம்புக்கெல்லாம் போறீங்களாமே, அங்க ஸ்பெஷலா என்னண்ணா சொல்லித் தராங்க, வெளில இருக்கறவங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருக்குமா?" ஒண்ணும் இல்லடா, அதே கிஹோன் அதே கட்டாதான்னேன். (ஹொம்பு டோஜோன்னா கராத்தே அமைப்போட தலைமைப் பயிற்சிக்கூடம், கிஹோன்னா அடிப்படை அடி, தடுப்பு, கட்டான்னா வரிசையா பண்ற அசைவுத் தொகுப்பு.) நம்பல. ஏதோ மறைக்கறேன்னு நெனச்சிட்டான் போல. "சரி, நீங்க என்னதான் கத்துக்கிட்டீங்க, அதையாச்சும் சொல்லுங்க"ன்னான். எதிர்ல நிக்கற ஆள எப்படி ஒழுங்கா அடிக்கறதுன்னு கத்துக்கிட்டேன்னு சொன்னேன், சிரிச்சிட்டான். நான் ஜோக் அடிக்கல. லிஃப்ட் வரதுக்குள்ள அவன்கிட்ட சொல்ல முடியாதத இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

மொதல்ல ஒரு விஷயம். கராத்தேக்கு மொத்தமா ஒரே தலைமையகம்னு எதுவும் கிடையாது. கோஜு-ரியூ, ஷிட்டோ-ரியூ, வாடோ-ரியூ எல்லாம் தனித்தனி மரபு, ஓகினாவால இருக்கறவங்கள கேட்டா டோக்கியோல இருக்கறது எதுவுமே எங்களுக்குத் தலைமை இல்லம்பாங்க, அதுலயும் ஞாயம் இருக்கு. நான் போறது ஷோட்டோகான் மரபுல பெரிய அமைப்பான ஜப்பான் கராத்தே அசோசியேஷனோட தலைமை டோஜோவுக்கு. எல்லாரும் ஜே.கே.ஏ.ன்னுதான் சொல்லுவாங்க. 1949-ல ஆரம்பிச்சது. ஷோட்டோகான் மரப ஆரம்பிச்சு வெச்ச ஃபூனாகோஷி கிச்சினுக்கு அப்ப எண்பது வயசு, அவர் கௌரவப் பொறுப்புல இருந்தார், நடைமுறைல எல்லாத்தையும் கட்டி எழுப்பினது அவரோட மாணவர் நாக்காயாமா மசாத்தோஷி. அவர் 1987-ல போனதுக்கு அப்புறம் அமைப்பு ரெண்டா ஒடஞ்சு, யாரு உண்மையான ஜே.கே.ஏ.ன்னு கோர்ட் வரைக்கும் போயி 1999-லதான் தீர்ந்துச்சு. தெனமும் கிளாஸ் முடிவுல "மரியாதைய மதி, முரட்டு வீரத்த அடக்கு"ன்னு சத்தமா சொல்றவங்க வருஷக்கணக்கா கேஸ் நடத்தினாங்கங்கறத நெனச்சா எனக்கு ஒரு பக்கம் சிரிப்பும், ஒரு பக்கம் இவங்களும் மனுஷங்கதானேங்கற நிம்மதியும் வரும்.

இடம் புன்கியோ வார்டுல, கோராக்குங்கற ஏரியா, ஈடாபாஷி ஸ்டேஷன்ல எறங்கி நடக்கற தூரம். எனக்கு ஆஃபீஸ் ஓட்டேமாச்சி பக்கம், அங்கருந்து டோஸாய் லைன்ல மூணாவது ஸ்டேஷன், வீடு நிஷி-கசாய், அதுவும் இதே லைன்தான், அதனால ட்ரெயின் மாறுற வேலையே இல்ல. உண்மைய சொன்னா நான் விடாம போறதுக்கு ஆர்வத்த விட இந்த லைன்தான் பெரிய காரணம். ஈடாபாஷில எந்த எக்ஸிட்ல ஏறணும்னு பழகறதுக்கே கொஞ்ச நாள் ஆகும், அஞ்சு லைன் சந்திக்கற ஸ்டேஷன் அது. மேல வந்தா காண்டா ஆறு, அதுக்கு மேலயே போற எக்ஸ்பிரஸ்வே, எப்பவும் ஒரு இரைச்சல். டோஜோ கட்டடம் வெளில இருந்து பாத்தா சாதாரண கட்டடம். மரக் கோபுரம், கல் விளக்கு, மூங்கில் தோட்டம்னு கற்பனையோட வர்றவங்க ஒரு தடவ தாண்டிப் போயிட்டுத் திரும்பி வருவாங்க.

ஆனா இந்த ஏரியாவே கராத்தே டோக்கியோவுக்கு வந்த கதை நடந்த இடம்னு இங்க வந்தப்புறம்தான் எனக்கு ஒறச்சுது. ஜூடோவோட தலைமையான கோடோகான் இங்கருந்து நடந்தே போயிடலாம், கசுகால இருக்கு. 1922-ல கல்வி அமைச்சகத்தோட உடற்கல்விக் கண்காட்சிக்காக ஓகினாவால இருந்து ஃபூனாகோஷி டோக்கியோ வந்தார், ஸ்கூல் வாத்தியாரா இருந்தவர், வயசு அம்பதுக்கு மேல. ஜூடோவ உருவாக்கின கானோ ஜிகோரோ அவர கோடோகானுக்குக் கூப்பிட்டு செஞ்சு காட்டச் சொன்னார். கண்காட்சி முடிஞ்சதும் ஊருக்குத் திரும்பறதா இருந்த மனுஷன் அப்படியே தங்கிட்டார். தங்கினது எங்கன்னா சுய்தோபாத்தால ஓகினாவா மாணவர்களுக்கான ஒரு விடுதில, அதுவும் இதே புன்கியோ பக்கம்தான். பகல்ல அங்க வாட்ச்மேன் மாதிரி, கூட்டறது பெருக்கறது எல்லாம் பண்ணிட்டு, அங்க இருந்த ஹால்ல கராத்தே சொல்லிக் குடுத்தார். நாம இன்னைக்குப் போட்டுக்கற வெள்ளை கீ (பயிற்சி உடுப்பு), கலர் பெல்ட், டான் வரிசை (ப்ளாக் பெல்ட்ல இருந்து ஏறுற படி) எல்லாமே ஜூடோல இருந்து எடுத்தது, 1924-லதான் அவர் மொத மொதல்ல டான் குடுத்தார். அதாவது ஆயிரம் வருஷப் பாரம்பரியம்னு நாம நெனச்சு சிலிர்க்கற ப்ளாக் பெல்டுக்கு கராத்தேல வயசு நூறுதான்.

அப்புறம் 1939-ல மெஜிரோ பக்கம் மாணவர்கள் பணம் போட்டு அவருக்குன்னு ஒரு டோஜோ கட்டினாங்க, அதுதான் ஷோட்டோகான். 1945 குண்டுவீச்சுல எரிஞ்சு போச்சு. அதே வருஷம் அவர் மகன் யோஷித்தகாவும் நோயில போயிட்டார். நம்ம ஸ்டைல்ல இருக்கற ஆழமான நிலை, ஒசரமான உதை எல்லாத்துக்கும் அந்த மகன்தான் பெரிய காரணம், ஓகினாவா ஆளுங்க நிக்கறதப் பாருங்க, நாம நிக்கறதுல பாதி கூட குனிய மாட்டாங்க. என் முட்டி வலிக்கறப்பெல்லாம் யோஷித்தகா ஞாபகம் வரும்.

சரி, உள்ள என்ன நடக்குது. வாசல்ல குனிஞ்சு வணக்கம், செருப்ப ஒழுங்கா வெச்சுட்டு, கீ மாத்திட்டு, தரையில போயி கால நீட்டி மடக்கிட்டு இருப்போம். நேரம் ஆனதும் தகுதி வரிசைல நிப்போம், சீனியர் "செய்ஸா"ன்னு கத்துவார், மண்டி போட்டு உக்காரணும், "மொக்குசோ", கண்ண மூடணும். அப்புறம் முன்பக்கத்துக்கு ஒரு வணக்கம், சென்செய்க்கு (ஆசிரியருக்கு) ஒண்ணு, நமக்குள்ள ஒண்ணு. ஒரு நிமிஷம் கூட வீணாக்காம ஆரம்பிச்சிடுவாங்க. பேச்சு ரொம்பக் கம்மி. வெளி டோஜோக்கள்ல பாதி நேரம் வெளக்கம் ஓடும், இங்க "இச்சி, நி, சான்"னு எண்ணிக்கைதான் ஓடும்.

கிளாஸ்ல பண்றது என்னன்னு கேட்டா ஏமாந்து போவீங்க. ஓய்-சுகி, அகே-உக்கே (மேல் தடுப்பு), சோட்டோ-உக்கே, கெடான்-பராய் (கீழ்த் தடுப்பு), மாய்-கெரி, மாவாஷி-கெரி, அதாவது அடிப்படைக் குத்து, தடுப்பு, உதை. வெள்ளை பெல்ட்ல மொத மாசம் கத்துக்கறது. அத ப்ளாக் பெல்ட் கிளாஸ்லயும் பண்றாங்க, மூணாவது டான் நாலாவது டான் ஆளுங்களும் பண்றாங்க. வித்தியாசம் என்னன்னா யாரும் அத வார்ம்-அப் மாதிரி பண்ண மாட்டாங்க. ஸென்குட்ஸு-டாச்சில, அதாவது முன்கால மடக்கி நிக்கற நிலைல, பின்கால் குதிகால் தூக்குச்சுன்னா சென்செய் வந்து ஒண்ணும் சொல்லாம தன் பாதத்த வெச்சு அழுத்துவார். இடுப்பு திரும்பலன்னா "கோஷி"ன்னு ஒரு வார்த்தை. இழுக்கற கை விலாவுக்கு வரலன்னா "ஹிகிதே". அவ்ளோதான். ஜப்பானீஸ் தெரியலயேன்னு பயப்படறவங்களுக்கு இத சொல்றேன், ஒரு பத்து இருபது வார்த்தைக்கு மேல தேவையே படாது, அதுல பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

வர்றது யாருன்னா, டீவில வர்ற மாதிரி முறுக்கேறின ஆளுங்க கொஞ்சம் பேரு, அவங்க பெரும்பாலும் கென்ஷூசெய், அதாவது இன்ஸ்ட்ரக்டர் ட்ரெயினிங்ல இருக்கற பசங்க. 1956-ல இருந்து நடக்கற கோர்ஸ் அது, யூனிவர்சிட்டி கராத்தே கிளப்ல நல்லா பண்ணின பசங்கதான் வருவாங்க, அவங்க ட்ரெயினிங் தனி ஒலகம், நான் அத எட்ட நின்னு பாத்ததோட சரி. மத்தபடி சாயங்கால கிளாஸ்ல பக்கத்துல நிக்கறது கம்பெனி வேலை முடிச்சு டைய கழட்டிட்டு வந்த ஆளு, காலேஜ் பொண்ணு, ஃப்ரான்ஸ்லயோ ப்ரேஸில்லயோ இருந்து லீவ் போட்டு வந்தவங்க, அப்புறம் அறுபது எழுபது வயசுப் பெரியவங்க. இந்தக் கடைசி வகை ஆளுங்களாலதான் இந்தப் பதிவே.

வெளிநாட்டுல இருந்து வர்றவங்க, நானும் அதுல ஒருத்தன்தான், எல்லாரும் சென்செய் கையால ஏதாவது கிடைக்கும்னு வர்றோம். ஒரு ரகசிய திருத்தம், கட்டாவோட உள் அர்த்தம், இந்த மாதிரி. அதுக்காக இவ்ளோ தூரம் வர வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். நாக்காயாமா காலத்துல இருந்தே எல்லாத்தையும் புக்கா, படமா, வீடியோவா வெளியிட்டவங்க இவங்க. ஒலகம் பூரா அதே வரிசை, அதே கட்டாதான். ஹொம்புல மட்டும் கிடைக்கறது எதிர்ல நிக்கற ஆள்.

கிஹோன்-இப்போன் குமித்தே (எதிராளியோட பண்ற ஒத்தை அடிப் பயிற்சி) கராத்தே பண்றவங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒருத்தன் தாக்கறவன், ஒருத்தன் தடுக்கறவன். தாக்கறவன் ஒரு கால பின்னால வெச்சு கெடான்-பராயோட நிப்பான், "ஜோடான்"னு சத்தமா சொல்லுவான், முகத்துக்கு ஒரே ஒரு குத்து. தடுக்கறவன் பின்னால போயி தடுத்துட்டு கியாக்கு-சுகி, அதாவது பதில் குத்து. எங்க குத்தப் போறேன்னு முன்னாடியே சொல்லியாச்சு, எதுல குத்துவேன்னும் தெரியும், எத்தன குத்துன்னும் தெரியும், இதுல என்ன பெரிய விஷயம்னு தோணும். பல டோஜோல இது எப்படி நடக்கும்னா, தாக்கறவன் முகத்துக்கு ஒரு ஜாண் முன்னாடி முடியற மாதிரி குத்துவான், இல்ல காதுக்கு வெளில போற மாதிரி. அடிபட்டுடக் கூடாதேங்கற நல்லெண்ணம். தடுக்கறவன் அந்தக் காத்த அழகா தடுப்பான். ரெண்டு பேரும் திருப்தியா வணக்கம் சொல்லிப்பாங்க. நான் காலேஜ் காலத்துல ப்ரௌன் பெல்ட் வரைக்கும் பண்ணின வருஷங்கள்ல பாத்ததும் பண்ணினதும் இதுதான், அத யாரும் தப்புன்னு நெனச்சதே இல்ல.

இங்க ஒரு பெரியவர் வருவார், எழுபதுக்கு மேல இருக்கும், ஒல்லியா, முதுகுல ஒரு பை, பெல்ட் நஞ்சு போயி கருப்புக்குள்ள வெள்ளை நூல்தான் அதிகம் தெரியும். அவர் எதிர்ல நின்னு யாராவது அந்த மாதிரி எட்டாத குத்து விட்டா அவர் தடுக்கவே மாட்டார். பின்னால கூட போக மாட்டார். சும்மா நிப்பார். குத்து வந்து காத்துல நிக்கும், அவர் அத ஒரு பார்வை பாத்துட்டு, தன் தாடைய ஒரு விரலால தொட்டுக் காட்டுவார். "கொக்கோ." இங்க. கோவம் கிடையாது, சிரிப்பும் கிடையாது. திரும்பப் பண்ணுங்கறது மட்டும்தான். எட்டற வரைக்கும் திரும்பத் திரும்ப.

அவர் தாக்கற முறை வந்தா வேற கதை. கொரல் பெருசா இருக்காது, "ஜோடான்"னு சொல்லுவார், தோள் அசையாது, முட்டி அசையாது, திடீர்னு மூக்குக்கு நேரா முஷ்டி இருக்கும். வேகம்னு சொல்ல மாட்டேன், எழுபது வயசுல என்ன வேகம் இருந்துடப் போகுது. முன்னறிவிப்பு இல்லாததுதான் விஷயம். நாம மத்தவங்க குத்தத் தடுக்கறோம்னு நெனச்சிட்டு இருக்கறது உண்மைல அவங்க தோள் தூக்கறதயும், மூச்சு இழுக்கறதயும், பின்கால் அசையறதயும் பாத்துத் தடுக்கறதுதான். அதெல்லாம் எடுத்துட்டா நம்மகிட்ட ஒண்ணுமே மிஞ்சாது. எங்க வருதுன்னு அவரே சொல்லிட்டார், அப்பவும் கை லேட்டு.

அந்தக் குத்து நெஜமா வர ஆரம்பிச்சதும்தான் இத்தன வருஷம் பண்ணின கிஹோன் எதுக்குன்னு எனக்கு ஒவ்வொண்ணா வெளங்குச்சு. தடுக்கறப்ப இடுப்ப ஏன் பாதி திருப்பி நிக்கச் சொல்றாங்க? கையால மட்டும் அகே-உக்கே பண்ணினா காத்தத் தடுக்கலாம், எடையோட வர்ற ஒரு முன்கையத் தூக்க முடியாது, ஒடம்பு சைடா திரும்பறப்பதான் குத்து வர்ற கோட்டுல இருந்து முகமும் கொஞ்சம் வெலகுது. அந்தப் பாதி திரும்பின இடுப்பு நேரா வர்றப்ப கெடைக்கற விசைலதான் கியாக்கு-சுகி போகுது. ரெண்டும் ஒரே அசைவோட போற வழியும் வர்ற வழியும். ஸென்குட்ஸு-டாச்சில முன்கால்ல அறுபது சதவீதம் எடை, பின்கால் நேரா தள்ளணும்னு படிச்சு மனப்பாடம் பண்ணியிருப்போம், ஒரு அடி பின்னால போயி நின்ன அடுத்த நொடி திரும்ப முன்னால போகணுங்கற நெலம வந்தாதான் அந்தப் பின்கால் எதுக்குன்னு தெரியும். எதிராளி ஏமாத்தினா இதெல்லாம் தேவையே படாது, தேவைப்படாதத ஒடம்பு கத்துக்காது. அதனாலதான் ஒழுங்கா அடிக்கறது இங்க மரியாதை. எட்டாத குத்து விடறது எதிர்ல நிக்கறவரோட ஒரு மணி நேரத்த வீணாக்கறது.

இதுக்கு அடுத்தது ஜியூ-இப்போன். ரெண்டு பேரும் கமாயே (தயார் நிலை) எடுத்து நகந்துட்டே இருப்போம், எங்க அடிக்கப் போறோம்னு மட்டும் சொல்லணும், எப்பங்கறது தாக்கறவன் இஷ்டம். இங்க தூரம்தான் எல்லாமே, மா-ஆய்ம்பாங்க. பெரியவரோட இது பண்றப்ப ஒரு விஷயம் கவனிச்சேன், அவர் நகர்றதே தெரியாது, ஆனா நான் எப்பவுமே அவருக்கு எட்டற தூரத்துலயும் அவர் எனக்கு எட்டாத தூரத்துலயும் இருப்போம், அவர விட நான் ஒசரம், கையும் நீளம், இது கணக்குப்படி நடக்கவே கூடாத விஷயம். இன்னும் புரியல எனக்கு.

அப்ப அடிபடாதான்னு கேப்பீங்க. சுன்-டோமேன்னு ஒண்ணு இருக்கு, குத்து தோலுக்கு முன்னால நிக்கணும். இதையும் எட்டாத குத்தையும் நெறய பேரு கொழப்பிக்கறாங்க. எட்டாத குத்து பயத்துல கம்மியா போறது. சுன்-டோமே முகத்தத் தாண்டிப் போகக் கூடிய தூரத்துல நின்னு, முழு வேகத்துல விட்டு, முகத்துக்கு முன்னால நிறுத்தறது. பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே இடத்துல நின்ன மாதிரி தெரியலாம். எதிர்ல நிக்கறவனுக்குத் தெரியும்.

2021 ஆகஸ்ட்ல ஒலிம்பிக்ஸ்ல கராத்தே வந்துச்சுல்ல, நடந்தது புடோகான் அரங்குல, நான் தெனம் ட்ரெயின்ல தாண்டற குடான்ஷிடா ஸ்டேஷன் பக்கம். கோவிட்டால ஆளுங்கள உள்ள விடல, பக்கத்துல இருந்துட்டு டீவிலதான் பாத்தேன். கட்டால ஓகினாவாவோட கியூனா ரியோ தங்கம், அது எதிர்பாத்ததுதான், மனசு நெறஞ்சுது. ஆனா எல்லாரும் பேசினது 75 கிலோவுக்கு மேல பிரிவு ஃபைனல். சவூதியோட தாரெக் ஹமேதி 4-1னு முன்னால இருக்கார், ஒரு ஒசரமான உதை, ஈரானோட சஜ்ஜாத் கன்ஜ்ஜாதே அப்படியே விழுந்து ஸ்ட்ரெச்சர்ல போறார். ஹமேதிய டிஸ்குவாலிஃபை பண்ணி, மயங்கி விழுந்தவருக்குத் தங்கம். ஒலகமே சிரிச்சுது, விழுந்தவன் ஜெயிச்ச ஒரே வெளையாட்டுன்னு மீம் போட்டாங்க. ஹமேதி மேல எனக்குப் பரிதாபம்தான், அந்த வேகத்துல ஒரு உதைய நிறுத்தறது லேசு இல்ல. ஆனா விதி என்னவோ சரி. நிறுத்தத் தெரிஞ்சிருக்கணுங்கறதுதான் இந்த வெளையாட்டோட மொத நிபந்தனை. இத வெளி ஆளுங்களுக்குப் புரிய வைக்க முடியாதுங்கறது வேற பிரச்சனை, அப்புறம் பாரிஸ்லயும் கராத்தே இல்ல, லாஸ் ஏஞ்சலஸ்லயும் இல்ல.

ஜே.கே.ஏ. போட்டிகள்ல இந்தப் பாயிண்ட் சேக்கற முறையே கிடையாது. இப்போன்-ஷோபு, ஒரு சுத்தமான அடி விழுந்தா மேட்ச் முடிஞ்சுது, இல்லன்னா ரெண்டு வாசா-ஆரி (அரை பாயிண்ட்). எடைப் பிரிவும் கிடையாது, அறுபது கிலோ ஆளு தொண்ணூறு கிலோ ஆளோட நிக்க வேண்டியதுதான். பாக்கறவங்களுக்கு இது போரடிக்கலாம், ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்காது, ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டே நிப்பாங்க, கண்ண சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சிடும். எனக்குப் பிடிச்சது இதுதான், ஏன்னா இங்கயும் அதே கேள்வி, இந்த ஒரு குத்து நெஜமா, இல்ல சும்மா விட்டுப் பாக்கறதா. மொத ஆல் ஜப்பான் போட்டி 1957-ல நடந்துச்சு, குமித்தேல ஜெயிச்சது கானாசாவா ஹிரோகாசு, கை ஒடஞ்சிருந்த நெலமைலயே ஜெயிச்சார்ம்பாங்க. போட்டிங்கற எண்ணமே பிடிக்காத ஃபூனாகோஷி அதே வருஷம் ஏப்ரல்ல இறந்துட்டார். அவர் இருந்திருந்தா அது நடந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கு, காமாகுரால எங்காக்குஜி கோயில்ல. கீட்டா-காமாகுரா ஸ்டேஷன்ல எறங்கினா கோயில் வாசலே அங்கதான். "கராத்தே நி செந்தே நாஷி"ங்கற அவரோட வரி அந்தக் கல்லுல இருக்கு, கராத்தேல மொத அடி நம்மளோடது இல்லங்கறது. லீவு நாள்ல ஒரு தடவ போயிருந்தேன், டூரிஸ்ட் கூட்டம் பூரா பெரிய வாசலப் பாத்து ஃபோட்டோ எடுத்துட்டு இருக்கு, இந்தக் கல்லு பக்கம் ஒருத்தரும் இல்ல. அங்க நின்னப்ப எனக்கு ஒரே கொழப்பம். ஒரு பக்கம் ஒழுங்கா அடிங்கறாங்க, இன்னொரு பக்கம் மொதல்ல அடிக்காதங்கறாங்க. ஆரம்பத்துல கத்துக்கற ஹெய்யான் கட்டா அஞ்சும் தடுப்புலதான் ஆரம்பிக்குது, யாருமே மொதல்ல அடிக்கலன்னா யார் தடுப்பக் கத்துக்கறது? டோஜோல தாக்கற எடத்துல நிக்கறவன் எதிராளிக்காக அந்தக் கெட்டவன் வேஷத்தப் போட்டுக்கறான்னு இப்போதைக்கு வெச்சிருக்கேன். வேஷத்த அரகொறயா போட்டா எதிராளி அரகொறயாத்தான் கத்துப்பான். ஜென் கோயில்ல நின்னுட்டு யோசிச்சதால இப்படித் தோணுச்சோ என்னவோ.

சரி, தத்துவம் போதும், வர்றவங்களுக்கு நாலு வார்த்தை. கீ நல்ல கனமானதா வேணும்னு டோக்கைடோவோ ஹிரோட்டாவோ வாங்கறீங்கன்னா ஒண்ணுக்கு ரெண்டா வாங்குங்க, ஜூன் ஜூலைல மழை சீசன்ல அது காயவே காயாது, பால்கனில மூணு நாள் தொங்கினாலும் ஒரு வாடை இருக்கும், அதோட ட்ரெயின்ல ஏறினா பக்கத்துல இருக்கறவங்க நகந்து ஒக்காருவாங்க. குளிர்காலத்துல வெறுங்கால்ல மரத்தரை மொதல் பத்து நிமிஷம் கொடுமை, அதுவும் ஜனவரில காங்-கெய்கோன்னு காலைல நடக்கற குளிர்காலப் பயிற்சிக்கு வந்தீங்கன்னா விரல் இருக்கறதே தெரியாது, வெய்யில் காலம் அதவிட மோசம், தரை வேர்வைல வழுக்கும். கிளாஸ் முடிஞ்சு தரையத் துடைக்கறப்ப நாலு டான் ஆளும் குனிஞ்சு துடைப்பார், நீங்க ஓரமா நிக்காதீங்க. கீல நாட்டுக் கொடி, ஸ்பான்சர், பேரு எல்லாம் தச்சு வெச்சிருந்தா யாரும் திட்ட மாட்டாங்க, ஆனா உங்களுக்கே கூச்சமா இருக்கும். முட்டிப் பிரச்சனை இருக்கறவங்க நிலைய கொஞ்சம் ஒசத்தி நில்லுங்க, வயசானவங்க எல்லாரும் அப்படித்தான் நிக்கறாங்க. கட்டாவோட ஒவ்வொரு அசைவுக்கும் புன்காய் (அந்த அசைவு சண்டைல எதுக்குங்கற விளக்கம்) தெரிஞ்சே ஆகணும்னு துடிக்கற ஆளா இருந்தா ஓகினாவா மரபு டோஜோ ஒண்ணுல கொஞ்ச நாள் பண்ணிப் பாருங்க, ஷோட்டோகான்ல பொதுவாவே அதுக்கு நேரம் கம்மி.

அடுத்து எனக்கு ஷோடான், அதாவது மொத டான் டெஸ்ட் இருக்கு. கிஹோன், கட்டா, குமித்தே மூணும் பாப்பாங்க. குமித்தே பயம் போயிடுச்சு, பெரியவர விட மோசமா யாரும் அங்க எதிர்ல வரப் போறதில்ல. கட்டாதான் முடிவு பண்ணல. பஸ்ஸாய்-டாய், கன்கூ-டாய், ஜியோன், எம்பி, ஹாங்கெட்ஸு, இதுல ஒண்ண நாமளே எடுத்துக்கலாம். கன்கூ-டாய் ஃபூனாகோஷிக்குப் பிடிச்ச கட்டா, அத எடுக்கணும்னு ஆசைதான், ஆனா அறுபத்தஞ்சு அசைவு, நடுவுல தரைல விழுற மாதிரி குனியறது, கடைசில ஒரு பறந்து உதைக்கறது. எம்பிலயும் ஒரு சுத்திக் குதிக்கற எடம் இருக்கு. ஹாங்கெட்ஸு மெதுவா மூச்சு விட்டுப் பண்றது, எனக்கு அவ்ளோ பொறுமை கிடையாது. இப்போதைக்கு ஜியோன்னு வெச்சிருக்கேன், குதிக்கற வேலையே இல்ல.